பந்தியும் பட்டியும்

‘போதும்’ என்பது அகராதி புரட்டிப் பொருள் அறிய வேண்டிய சொல்லன்று. ஆயினும் நம்மவர் பந்தியிலே அச்சொல்லுக்கு ‘இன்னும் ஓர் அகப்பை இடுக’ என்பதே பொருளாய் வழங்கி வருகின்றது. உண்பவர் இலையின்மேற் கையை விரித்து மறைப்பார். இடுபவர் அந்தக் கையின் ஓரத்தால் ஒரு கரண்டி சோற்றைச் சொரிவார். அயலில் இருப்பவர் நகைப்பார். இதற்கு உபசாரம் என்று பெயர். உண்பவரும் சிறிது சிணுங்கிவிட்டுச் சொரிந்ததை உண்டு முடிப்பார். உள்ளூர மகிழவுஞ் செய்வார். அந்த நாடகம் இருதிறத்தாரும் அறிந்து ஆடுவது. ஆனால், அதனை ஆட இயலாத ஒரு சாரார் இப்பொழுது நம்மிடையே உளர். அவர்கள் கையை விரித்தால் மெய்யாகவே வேண்டாமென்று விரிக்கின்றார்கள். இரைப்பையின்மேற் பட்டி இட்டுக்கொண்டு வாழும் அவர்களைப் பற்றியும், அவர்களுக்கு நாம் செய்யும் உபசாரத்தைப் பற்றியும் சில கூற விரும்புகின்றேன்.

கல்லூரியின் விழா மலரிலே இரைப்பைக்கு என்ன வேலை என்று வினவுவார் இருக்கலாம். கல்லூரியைத் தாபித்த பெரியோர்களைப் பற்றியும், துடுப்பாட்ட வெற்றிகளைப் பற்றியும் எழுதுதற்கு வல்லார் பலர் உளர், அவர்கள் எழுதுவர். பழைய மாணவர் கூடும் எந்தக் கூட்டமும் ஈற்றிலே ஒரு பந்தியில் முடிகின்றது என்பதையும், அப்பந்தியில் அமர்வோருள் நீரிழிவோ குருதியமுக்கமோ இல்லாதவரைத் தேடிக் காண வேண்டியிருக்கின்றது என்பதையும் எழுதுவாரைத்தான் காணோம். பருமனால் வரும் நீரிழிவு, ஐரோப்பிய மக்களிலும் பார்க்கத் தென்னாசிய மக்களைக் குறைந்த நிறையிலேயே பற்றிக்கொள்கின்றது. உடற்றிணிவுச் சுட்டி 25 ஐ எட்டினால் அதிக நிறை என்பது பொதுவிதி. ஆசிய மக்களைப் பொறுத்தவரை 23 என்னும் எல்லையிலேயே கவனம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை கூறிற்று. நாள் முழுதும் நாற்காலியில் இருந்து செய்யும் உத்தியோகமும், நடக்க விடாத குளிரும், மூவேளையும் வயிறு நிறைந்த உணவும் ஒன்றுசேர்ந்தால் விளைவது என்னவென்பதைப் பிறநாடுகளில் வாழும் நம் நண்பர்கள் தம் உடம்பாலே கற்றுள்ளார்கள்.

அவ்வாறு கற்றவருள் ஒருவர் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர். மெல்பேண் நகரிலே குடியேறியவர். பட்டி இட்டுக்கொண்டு பத்தாண்டுகளுக்கு மேலாகின்றது. தமிழ் கற்பிக்கும் நான் வைத்தியஞ் சொல்லப் புகுதல் தகாது. இங்கே கூறுவனவற்றுட் பாதி அவர் வாய்மொழி. மற்றைப் பாதி கற்றறிந்தவை.

பட்டி என்பது சிலிக்கோனாற் செய்த ஒரு வளையம். இரைப்பையின் மேற்பகுதியைச் சுற்றி அதனை அணிவிப்பர். வளையத்துக்கு மேலே 15 முதல் 30 மில்லிலீற்றர் வரை கொள்ளும் சிறு பை ஒன்று அமையும். தேநீர்க் கோப்பையிலே கால்வாசிகூட அவ்வளவில் நிரம்பாது. வளையத்தின் உட்புறம் துவிச்சக்கர வண்டியின் உட்குழாய் போன்றது. அதனின்று ஒரு மெல்லிய குழாய் வந்து, வயிற்றுத் தோலின் கீழே பதித்த சிறு வாயிலில் முடியும். வைத்தியர் அவ்வாயிலினூடே ஊசியால் உப்புநீரைச் செலுத்துவாராயின் வளையம் இறுகும். நீரை எடுப்பாராயின் நெகிழும். இரைப்பையில் எதனையும் வெட்டுவதில்லை, எதனையும் அகற்றுவதில்லை. பெல்ஜியத்திலே, எதியோப்பியாவிற் பிறந்தவராகிய மிற்றிக்கு பெலாச்சு என்னும் சத்திரவைத்தியர், வயிற்றை அகலக் கீறாது சிறு துளைகளின் வழியாகவே இதனை முதன்முதலிற் செய்து காட்டியது 1993 ஆம் ஆண்டு. ஐக்கிய அமெரிக்காவில் 2001 ஆம் ஆண்டிலே இதற்கு அனுமதி கிடைத்தது. அவுஸ்திரேலியாவிலோ இது பெருவழக்காயிற்று. அங்கே மொனாஷ் பல்கலைக்கழகத்தார் நீரிழிவுடைய 60 பேரை இரு பகுதியாகப் பிரித்து ஈராண்டு பார்த்தனர். பட்டி இட்டவருள் நூற்றுக்கு 73 பேரிடத்தும், வழக்கமான வைத்தியம் பெற்றவருள் நூற்றுக்கு 13 பேரிடத்தும் நீரிழிவு தணிந்திருந்தது என 2008 ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

இதைக் கேட்டவுடன் நம்மவர் சொல்வது ஒன்று உண்டு: “வாயைக் கட்ட மாட்டாதவன் வயிற்றைக் கட்டினான்.” சொல் நயமாக இருக்கின்றது, ஆயின் உண்மையன்று. வயிற்றைக் கட்டியவன் அதன் பின்னரே வாயைக் கட்டத் தொடங்குகின்றான். பட்டியினால் வரும் பயன் சத்திரசிகிச்சை நடந்த ஒரு மணிநேரத்திலே முடிவதன்று. அதற்குப் பின் வரும் ஒவ்வொரு வேளை உணவிலும் அவன் ஒழுகும் ஒழுக்கத்திலே தங்கியிருப்பது. குறுக்குவழி என்று இதனைக் கூறுபவர் ஒரு வேளையாவது அவ்வாறு உண்டு பார்த்தல் நன்று.

முதல் இரண்டு கிழமைகள் நீராகாரம் மாத்திரம். பின்னர்க் கூழாக மசித்தவை. அதன் பின் மென்மையானவை. ஐந்தாறு கிழமைகள் கழிந்த பின்னரே கட்டியான உணவு. அந்நாட்களில் வளையத்தில் முதன்முறை உப்புநீர் ஏற்றுவர். அதன்மேல் மாதந்தோறும் போய், இறுகியது போதுமா, நெகிழ்த்த வேண்டுமா எனப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்தல் வேண்டும். வீணையின் நரம்பைச் சுருதி கூட்டுதல் போன்றது அது. மிக இறுகினால் உமிழ்நீரும் இறங்காது. நெகிழ்ந்தால் பசி பழையபடி வரும்.

உண்ணும் முறையோ முற்றிலும் புதிது. சுண்டுவிரல் நகத்தளவான கவளம். அதனை இருபது முறைக்குக் குறையாமல் மெல்லுதல். விழுங்கியபின் ஒரு நிமிடம் வரை பொறுத்திருத்தல். இவ்வாறு அரை மணிநேரம் உண்டால் உள்ளே போவது ஐந்தாறு மேசைக்கரண்டி அளவே. உணவோடு நீர் அருந்துதல் ஆகாது. உண்டபின்னும் அரை மணிநேரம் வரை ஆகாது. சோற்றின் முடிவிலே இரசம் குடித்துப் பழகிய நம்மவர்க்கு இஃதொன்றே பெருந்தவம். ஒரு கவளம் பெரிதாய்ப் போனால் நெஞ்சின் நடுவே ஓர் இறுக்கம். வாயிலே நுரைத்த உமிழ்நீர் ஊறிப் பெருகும். ஈற்றில் உண்டது மேலே வரும். பந்தியில் இருப்பவன் எழுந்து கிணற்றடிக்கு ஓட வேண்டியதுதான். இவ்வாறு அடிக்கடி நேர்ந்தால் பட்டி தன் இடத்தினின்று வழுகும். மேலேயுள்ள சிறு பை விரியும். மறுபடியும் சத்திரசிகிச்சை வேண்டிவரும். நாட்கணக்காக வாந்தி நில்லாதவர்க்குத் தயமின் என்னும் விற்றமின் குறைந்து நரம்புகள் பழுதுறுதலும் உண்டு. விளையாட்டாகச் சொரிந்த ஒரு கரண்டிச் சோறு அவ்வளவு தூரம் போகக்கூடியது.

எவ்வெவ்வுணவு தடைப்படும் என்பதை ஒவ்வொருவரும் பட்டே அறிகின்றனர். பாண் தடைப்படும், மென்றவுடன் பசைபோலத் திரண்டு வளையத்தின் வாயை அடைத்துக்கொள்ளும். குழைந்த சோறும் அவ்வாறே. முருங்கைக்காயின் நாரும் தோடம்பழத்தின் சக்கையும் ஆகா. என் நண்பர்க்குப் புட்டு உலர்ந்திருந்தால் இறங்காது. சொதி விட்டு ஊறவைத்தால் இறங்கும். இடியப்பம் ஒன்று, அதுவும் பாதி. மாத்திரைகளைக்கூடச் சில வேளை பொடித்தே விழுங்க வேண்டியிருந்ததாம்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. பட்டி என்பது நல்ல வாயிற்காவலனன்று. சோற்றையும் பாணையும் மறிக்குமே யன்றிப் பாயசத்தை மறிக்காது. ஐஸ்கிறீம், சொக்கிளேற்று, இனித்த பானம் ஆகியன தடையின்றி வழுகி இறங்கும். நம் ஆடிக்கூழை எடுத்துக்கொள்வோம். வறுத்த பயறு, அரிசிமா, தேங்காய்ப்பால், பனங்கட்டி யாவும் சேர்ந்த அந்த அமுதம் எந்தப் பட்டியையும் மதியாது. கவளச்சோறு உண்ண மாட்டாதவர் மூன்று கிண்ணம் ஆடிக்கூழைக் குடித்துவிடலாம். நிறை குறைவதற்கு மாறாகக் கூடும். ஆதலால், “சோறுதான் இறங்காது, பாயசமாவது குடியுங்கள்” என்று இரங்கி நீட்டும் கை மிகவும் தீங்கு செய்யும் கை. இறங்குவதை விலக்கி, இறங்காததை மென்று இறக்குதலே அவர் செய்ய வேண்டிய காரியம். மனிதன் இயல்பு இதற்கு நேர்மாறானது அன்றோ? விரதகாலங்களிற் பாலும் பழமும் என்று இருப்பவரும், பாறணையன்று விரைந்து உண்பவரும் இதனை வைத்தியரோடு முன்னரே பேசிக்கொள்ளுதல் நன்று.

உடம்பு இவற்றையெல்லாம் ஒருவாறு பழகிக்கொள்ளும். பழகாதது மனம். இலையிலே சோற்றை மிச்சம் விடுதல் பாவம் என்று கற்று வளர்ந்தவர்கள் நாம். அதனை நமக்கு நூல்கள் மாத்திரங் கற்பிக்கவில்லை. 1990 ஆம் ஆண்டின் பின் குடாநாட்டுக்கு வரும் பொருள்களுக்குத் தடை இருந்த காலத்தில் அரிசியும் சீனியும் எவ்வாறு எண்ணி அளந்து வாழ்ந்தோம் என்பதை எங்கள் வயதினர் மறவார். 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 30 ஆந் திகதி வலிகாமத்தை விட்டு மழையிலே தென்மராட்சிக்கு நடந்தவர்கள், பிறர் வீட்டுத் திண்ணையிற் கிடைத்த ஒரு பிடி சோற்றின் அருமையை அறிவார்கள். அந்தப் பிள்ளைதான் இன்று மெல்பேண் நகரிலே ஒரு தட்டின் முன் அமர்ந்து, நான்கு கரண்டி உண்டு, மிகுதியைக் குப்பையிற் கொட்ட வேண்டும் என்று வைத்தியர் விதிக்கின்றார். “தட்டில் இருக்கும் சோறு என்னைப் பார்த்து அழுவது போல இருக்கும்” என்றார் நண்பர். முதல் ஓராண்டு அவரை வருத்தியது வயிறன்று, இதுவே. பின்னர்ச் சிறுவர்க்குரிய தட்டை வாங்கினாராம். இடுவதைக் குறைத்தால் எஞ்சுவது குறையும் அல்லவா? நூல்களிற் காணாத இவ்வுபாயத்தை அவர் மனைவியார் கண்டறிந்தார்.

அம்மனைவியாரையும் மறத்தல் கூடாது. சமைப்பவளின் அன்பை, உண்பவன் உண்ட அளவால் அளக்கும் வழக்கம் நம்மிடத்தே ஆழ வேரூன்றியது. மறுசோறு கேளாத கணவன் கறியைக் குறை சொன்னவனாகக் கருதப்படுவான். அவ்வீட்டில் அவ்வழக்கம் மாறுவதற்கு ஈராண்டு சென்றதாம். இருவரும் உணவு வேளையிற் பேசிக்கொள்ளாத நாட்களும் இருந்தன. உணவையே ஆறுதலாகக் கொண்டிருந்தவர் அவ்வாறுதலை இழந்தபின் வேறொன்றைத் தேடுவார். சிலர் மதுவைத் தேடுகின்றனர். நண்பர் நல்லூழாக நடையைத் தேடினார்.

நிறை குறைந்து ஊருக்கு வந்தபொழுது அவர் பெற்ற வரவேற்பு இன்னொரு கதை. நம் ஊரிலே மெலிந்தவன் ஒன்றில் நோயாளி, அன்றேல் வறியவன். “என்ன தம்பி, இப்பிடி மெலிஞ்சு போனாய்? ஏதும் வருத்தமோ?” என்று ஒழுங்கை முழுதும் விசாரணை. பெற்ற தாய் கண்ணீர் விட்டார். பருத்து, மூச்சிரைத்து, நாளொன்றுக்கு இரண்டு முறை இன்சுலின் ஏற்றிக்கொண்டு வந்த காலத்தில் “பிள்ளை நல்லாய் இருக்கிறான்” என்று மகிழ்ந்த ஊர், அவர் இன்சுலினை விட்டொழித்து மாடிப்படி ஏறத் தொடங்கிய காலத்தில் அவருக்காக நேர்த்தி வைத்தது. தாயாரைக் குறை சொல்லேன். பசித்த காலத்திலே பிள்ளையை வளர்த்தவர் கண்ணுக்குக் கன்னத்துச் சதையே சுகத்தின் அடையாளம். ஆயினும் படித்த நாமும் அக்கண்ணாலேயே பார்க்க வேண்டும் என்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் பழைய மாணவர் விருந்தொன்றில் நடந்தது இது. வாழையிலைப் பந்தி. நண்பர் மெல்ல மெல்ல உண்டுகொண்டிருந்தார். இடுபவர்கள் மும்முறை வந்தார்கள், மும்முறையும் கைவிரித்தார். நான்காம் முறை வந்தவர் ஒரு பழைய தோழர். “மச்சான், ஊர்ச் சோறு இப்ப தொண்டைக்குள்ளாலை இறங்காதோ?” என்று உரக்கக் கேட்டுக் கறியோடு குழைத்த கவளத்தைத் தம் கையாலேயே நீட்டினார். சுற்றியிருந்தோர் ஆரவாரித்தனர். அன்பினாற் செய்ததே, ஐயமில்லை. அதற்குள் முன்பந்தியினர் பலர் எழுந்துவிட்டனர். அடுத்த பந்திக்குரியோர் கதிரைகளின் பின்னே வந்து நின்றுவிட்டனர். பின்னாலே ஒருவர் நிற்க, முன்னாலே ஒருவர் நீட்ட, மென்று உண்ண எவருக்கு முடியும்? நண்பர் விழுங்கினார். அடுத்த சில நிமிடங்கள் அவர் மண்டபத்தின் பின்புறத்தே பட்ட பாட்டை அருகில் நின்று பார்த்தவன் நான். அன்றிரவு நீர்கூட இறங்கவில்லை. கொழும்புக்குப் போய்ப் பட்டியை நெகிழ்த்துவிக்கும்படியாயிற்று. பட்டியை அறிந்த வைத்தியர் இந்நாட்டில் எங்குமிருப்பவரல்லர் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

“அப்படியானால் அவர் முன்னரே சொல்லியிருக்கலாமே?” என்பார்கள். நன்று. நூறு பேர் உண்ணும் பந்தியிலே, தம் இரைப்பையின் வரலாற்றை எவர் உரத்துச் சொல்வார்? சத்திரசிகிச்சை செய்துகொண்டமையை மறைப்பவர் பலர். சொன்னாற் கிடைப்பது மேலே கூறிய ‘வாயைக் கட்ட மாட்டாதவன்’ என்னும் பட்டமே. ‘போதும்’ என்று சொல்பவர் அதற்குக் காரணமுங் காட்ட வேண்டும் என்னும் நியதியைத்தான் நான் ஏற்கவில்லை.

விருந்தோம்பல் நம் பெருமை. அதனைக் குறைத்தல் தகுமோ என்று வருந்துவார்க்கும் ஒரு சொல். ‘விருந்து’ என்பதற்குப் பழந்தமிழிலே புதுமை, புதிதாய் வந்தவர் என்பனவே பொருள். உணவு என்னும் பொருள் பின்னர் வந்து சேர்ந்தது. ஓம்பப்படுபவர் வந்த மனிதர், சோறன்று. திருக்குறளில் விருந்தோம்பல் 9 ஆம் அதிகாரம். மருந்து 95 ஆம் அதிகாரம். பாடசாலையிலே முன்னதை மனனஞ் செய்விக்கின்றோம். பின்னதைப் பெரும்பாலும் கடந்து போய்விடுகின்றோம். மருந்தின் பெயர் ஒன்றேனும் இல்லாத அதிகாரம் அது. முன் உண்டது செரித்தமை அறிந்து, அளவாக உண்ணும் நெறியே அதன் பெரும்பகுதி. இரண்டையும் ஒருவரே செய்தார் என்பதை நாம் எண்ணுவதில்லை போலும்.

பட்டி இட்டவர் யாவரும் வென்றனர் என்று நான் கூறவில்லை. சுவீடன் நாட்டிலே 1987 ஆம் ஆண்டு தொடங்கிய பெரிய ஆய்வொன்றின்படி, பட்டி இட்டவர்கள் பத்தாண்டு முடிவில் தம் முன்னை நிறையில் நூற்றுக்கு 14 பங்களவே சராசரியாகக் குறைந்திருந்தனர்; இரைப்பையைக் கடத்திக் குடலோடு இணைக்கும் சிகிச்சை பெற்றவரிடத்து அது 25. பட்டி வழுகியவர், அஃது இரைப்பைச் சுவரை அரித்து உட்புகுந்தவர், பயன் காணாமற் கழற்றியவர் எனப் பலர் உளர். இக்காலத்திற் பட்டி இடுவது அருகிவிட்டது. இரைப்பையின் பெரும்பகுதியை நீளவாட்டில் வெட்டி அகற்றும் சிகிச்சையே பெருகியுள்ளது. அவ்வாறு செய்துகொண்டவர்க்கும் சிறு கவளம், மெல்லிய வேகம், ‘போதும்’ என்னும் சொல் ஆகிய மூன்றும் உரியனவே. பட்டி போனாலும் பந்தியின் பிரச்சினை போகவில்லை.

இனி, இவ்வாண்டு விழாவின் விருந்தைப் பொறுப்பேற்றிருப்போர்க்கு என் விண்ணப்பம். சோறிடும் கரண்டி சிறிதாக இருக்கட்டும். மறுபடி கேட்போர்க்கு மறுபடி இடலாம். பரிமாற வரும் மாணவர்களுக்கு, இலையின்மேற் கை விரிந்தால் அடுத்த இலைக்குப் போகுமாறு முன்னாளே சொல்லிவைத்தல் வேண்டும். மண்டபத்தின் ஓர் ஓரத்தில் இரண்டு மேசைகளைப் பந்திக் கணக்கிற் சேர்க்காமல் விட்டுவிட்டால், மெல்ல உண்பவர் எவரும் ஒரு மணிநேரம் இருந்து உண்ணலாம். அவர்களோடு கதைத்துக்கொண்டிருக்க வாய் ஓயாத பழைய மாணவர்க்கு நம்மிடையே பஞ்சமில்லை. அடுத்த பந்தியினர் கதிரையின் பின்னே நில்லாது வெளி விறாந்தையிலே காத்திருப்பார்களாக. பாயசம் கேட்டவர்க்கு மாத்திரம்.